அங்கே பலித்தது இங்கே பலிக்குமா?

கிராம சபையிலும் வயல் வரப்பிலும் நாம் அடிக்கடி கேட்கும் பேச்சு ஒன்று உண்டு. “அந்த ஊரில் செய்தார்கள், நன்றாக வந்தது, நாமும் செய்வோம்” என்பதே அது. புதிய நெல் விதையாயினும், புதிய நடவு முறையாயினும், தடுப்பணையாயினும், குப்பை பிரிக்கும் கொட்டகையாயினும் வாதம் இதுவேயாகும். ஓரிடத்தில் நன்மை தந்ததை மற்றோரிடத்திலும் செய்து பயன் பெற விரும்புவது இயல்பே, அறிவுடைமையும்கூட. ஆயினும், ‘மீண்டும் செய்தல்’ என்பது எல்லாத் துறைகளிலும் ஒரே பொருளுடையதன்று. ஆராய்ச்சியாளர் அதனை ஒரு நோக்கத்தோடு செய்கிறார். விதை அதனை வேறொரு வகையில் செய்கிறது. ஊராட்சி மன்றம் மூன்றாவதொரு காரணத்துக்காகச் செய்கிறது. இம்மூன்றையும் ஒன்றெனக் கருதிவிடுவதனால் விவசாயி ஒரு போக விளைச்சலை இழக்கவும், ஊராட்சி தன் பொது நிதியை வீணாக்கவும் நேரிடுகிறது. ஆகையால் இவ்வேறுபாட்டை அறிந்துகொள்வது ஏட்டறிவுக்காக மட்டுமன்று. அன்றாடக் காரியத்துக்கும் அவசியமாகும்.

நம் மொழியிலே ‘படி’ என்றொரு சொல் இருக்கிறது. நெல் அளப்பது படி. பத்திரத்தைப் பார்த்து எழுதும் நகலும் படி. வீட்டு வாசலில் ஏறுவதும் படி. அளத்தல், நகலெடுத்தல், ஏறுதல் என்னும் இம்மூன்று பொருள்களும் நாம் ஆராய வேண்டிய மூன்று துறைகளுக்கும் பொருந்துகின்றன. சோதனை வயலில் ஒன்றை மீண்டும் செய்வது அளப்பதற்கு. விதை தன்னை மீண்டும் உண்டாக்குவது நகல் எடுப்பதற்கு. ஊர்த் திட்டத்தை மற்றோர் ஊரில் மீண்டும் செய்வது ஒரு படி மேலே ஏறுவதற்கு. இவற்றை வரிசையாகக் காண்போம்.

1. அளக்கும் படி: சோதனை வயல்

‘ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம்’ என்பது நம் வீட்டுப் பெண்டிர் அனைவரும் அறிந்த உண்மை. பானையைப் பொறுத்தவரை அதில் பிழை ஏதுமில்லை. ஒரே அரிசி, ஒரே தண்ணீர், ஒரே நெருப்பு. கரண்டியால் கிளறியும் விட்டாயிற்று. ஆகையால் ஒரு பருக்கை வெந்திருந்தால் மற்றவையும் வெந்திருக்கும். ஆனால் வயல் பானையன்று. மடைக்கு அருகில் வண்டல் படிந்திருக்கும். எதிர்க் கோடியில் மண் இறுகியிருக்கும். ஒரு மூலையில் சென்ற கோடையில் ஆட்டுக்கிடை போட்டிருப்பார்கள். ஒரு வரப்போரம் மரத்தின் நிழல் விழும். ஒரே வயலுக்குள்ளேயே இத்தனை வேற்றுமை என்றால், இரண்டு ஊர் வயல்களைப் பற்றிக் கேட்க வேண்டியதில்லை.

இதனால் விளையும் இடர்ப்பாட்டை இங்கிலாந்து நாட்டில் ராதம்ஸ்டெட் என்னும் வேளாண்மை ஆராய்ச்சி நிலையத்தில் நன்கு உணர்ந்தார்கள். அங்கே 1843-ஆம் ஆண்டு முதல் கோதுமை வயலைப் பகுதி பகுதியாகப் பிரித்து, வெவ்வேறு உரமிட்டு, ஆண்டுதோறும் விளைவை அளந்து எழுதி வந்தனர். ஆனால் ஓர் உரத்துக்கு ஒரு பகுதி என்றே அமைத்திருந்தமையால், இரு பகுதிகளுக்கிடையே கண்ட வேறுபாட்டில் உரத்தின் பங்கு எவ்வளவு, மண்ணின் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்வது அரிதாயிற்று. 1919-ஆம் ஆண்டில் அந்நிலையத்தில் பணியேற்ற ரொனால்டு ஃபிஷர் என்னும் கணித அறிஞர் இதற்கு வழி கண்டார். ஒரே விதையை அல்லது ஒரே உரத்தைப் பல பாத்திகளில் மீண்டும் மீண்டும் இட வேண்டும். எந்தப் பாத்திக்கு எது என்பதை நம் விருப்பப்படி தீர்மானிக்காமல் சீட்டுக் குலுக்கிப் போடுவதுபோல் தீர்மானிக்க வேண்டும். இவையே அவர் வகுத்த முறையின் அடிப்படை. நம் நாட்டில் மஹலனோபிஸ் அவர்கள் 1931-ஆம் ஆண்டில் கல்கத்தாவில் நிறுவிய இந்தியப் புள்ளியியல் நிறுவனம் இம்முறைகள் வேரூன்றப் பெரிதும் துணை நின்றது.

பல பாத்திகளில் மீண்டும் செய்வதனால் வரும் பயன் என்ன? ஓர் உதாரணத்தால் விளக்குவோம். பழைய விதையையும் புதிய விதையையும் ஒரே அளவுள்ள நான்கு நான்கு பாத்திகளில் பயிரிட்டதாகக் கொள்வோம். பழைய விதையில் 36, 38, 35, 39 கிலோவும், புதிய விதையில் 40, 37, 41, 38 கிலோவும் கிடைத்தன. சராசரி முறையே 37, 39. புதிய விதை 2 கிலோ அதிகம் தந்தது போல் தோன்றுகிறது. ஆனால் ஒரே விதையிட்ட பாத்திகளுக்குள்ளேயே 4 கிலோ வரை ஏற்றத்தாழ்வு இருப்பதைக் கவனியுங்கள். மண்ணே 4 கிலோ வேறுபாட்டை உண்டாக்கும்போது, விதையால் 2 கிலோ கூடியது என்று உறுதி சொல்லலாகாது. இதற்கு மாறாக, பழைய விதை 37, 38, 36, 37 என்றும், புதிய விதை 43, 44, 42, 43 என்றும் வந்திருந்தால், ஒரே விதைக்குள் 2 கிலோவும், இரு விதைகளின் சராசரிக்கிடையே 6 கிலோவும் வேறுபாடு காணப்படும். இப்போது புதிய விதையை நம்பலாம். ஒரே ஒரு பாத்தியை மட்டும் பார்த்திருந்தால் இவ்விரு நிலைமைகளையும் நம்மால் பிரித்தறிந்திருக்க முடியாது. மீண்டும் செய்வது விளைச்சலைக் கூட்டுவதில்லை. நம்முடைய அறிவு எவ்வளவு உறுதியானது என்பதை அது அளந்து காட்டுகிறது.

பயிர் அறுவடைப் பரிசோதனையும் இவ்வகையைச் சேர்ந்ததே. நெல் வயலில் 5 மீட்டர் நீளமும் 5 மீட்டர் அகலமும் உள்ள பகுதியை அளந்து அறுத்து விளைவைக் கணக்கிடுகிறார்கள். பிரதம மந்திரி பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தின் நெறிமுறைகள், கிராம ஊராட்சி அளவில் ஒரு முக்கியப் பயிருக்குக் குறைந்தது 4 பரிசோதனைகளை வேண்டுகின்றன. எந்த வயல், வயலில் எந்த மூலை என்பது எண் குலுக்கலால் தீர்மானிக்கப்படுகிறது. “அங்கே பயிர் மோசம், இங்கே வைத்துக்கொள்ளுங்கள்” என்றோ, “இங்கே பயிர் நன்று, அங்கே போங்கள்” என்றோ யாரேனும் இடத்தை மாற்றினால், அளக்கும் படியின் அடியில் ஓட்டை விழுந்தது போலாகும். அதன் விளைவு அவ்வூர் விவசாயிகள் அனைவரின் இழப்பீட்டையும் பாதிக்கும். ஊராட்சி உறுப்பினர்கள் இதில் கண்காணிப்பாக இருத்தல் நலம்.

தாமிரபரணிப் பாசனத்தில் கண்ட ஒரு சான்று

அளத்தலின் அருமையை விளக்க வெளிநாட்டுக்குச் செல்ல வேண்டியதில்லை. நம் ஆற்றுப் பாசனத்திலேயே சிறந்த சான்று உண்டு. திருந்திய நெல் சாகுபடியைப் பலரும் அறிவர். இளம் நாற்றைக் குத்துக்கு ஒன்றாக, சதுர இடைவெளியில் நட்டு, களையெடுக்கும் கருவியை இரு திசையிலும் ஓட்டி, தண்ணீரைத் தேக்கி வைக்காமல் காயவிட்டுப் பாய்ச்சும் முறை அது. மடகாஸ்கர் தீவில் பணியாற்றிய ஹென்றி தெ லொலானியே என்னும் பாதிரியார் 1980-களில் விவசாயிகளுடன் சேர்ந்து அதனை உருவாக்கினார். அங்கிருந்து மிக உயர்ந்த விளைச்சல் செய்திகள் வந்தன. உலகெங்கும் ஆராய்ச்சியாளர்கள் ஐயமும் ஆவலும் கொண்டனர்.

தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் அம்முறையை நம் நிலைமைக்கேற்பத் திருத்தி, 2003-04-ஆம் ஆண்டில் தாமிரபரணிப் பாசனப் பகுதியில் 100 விவசாயிகளின் நிலங்களில் சோதித்துப் பார்த்தது. ஒவ்வொரு விவசாயியின் நிலத்திலும் திருந்திய முறையும் வழக்கமான முறையும் அருகருகே நடத்தப்பட்டன. சராசரி விளைச்சல் ஹெக்டேருக்குத் திருந்திய முறையில் 7,227 கிலோ. வழக்கமான முறையில் 5,657 கிலோ. வேறுபாடு 1,570 கிலோ. அதாவது ஏக்கருக்குச் சுமார் 635 கிலோ.

இச்சராசரிக்குப் பின்னால் இருப்பதையும் பார்க்க வேண்டும். திருந்திய முறையில் மிகக் குறைந்த விளைச்சல் 4,214 கிலோ, மிக உயர்ந்தது 10,655 கிலோ. வழக்கமான முறையில் குறைந்தது 3,887 கிலோ, உயர்ந்தது 8,730 கிலோ. இப்போது எண்ணிப் பாருங்கள். 4,214 கிலோ எடுத்த வயலை மட்டும் பார்த்தவர், “திருந்திய நெல் நம் மண்ணுக்கு ஒவ்வாது” என்று ஊருக்குச் சொல்லியிருப்பார். 10,655 கிலோ எடுத்த வயலை மட்டும் பார்த்தவர், அடுத்த போகத்திலேயே தம் நிலம் முழுவதிலும் அதனைச் செய்து, எதிர்பார்த்தது வராமல் ஏமாந்திருப்பார். இருவரும் கண்ணால் கண்டதைத்தான் சொல்கிறார்கள். ஆனாலும் இருவர் முடிவும் உறுதியற்றது. நூறு இடங்களில் மீண்டும் செய்தமையால்தான் உண்மை நிலை புலப்பட்டது.

இதே காலத்தில், 2004-ஆம் ஆண்டில், சீன நாட்டில் மூன்று இடங்களில் நடத்திய சோதனைகளை வெளியிட்ட வேறு ஆராய்ச்சியாளர்கள், இம்முறையால் தனிச் சிறப்பான விளைச்சல் ஏதும் காணவில்லை என்றனர். யார் சொன்னது பொய் என்று கேட்பதனால் பயனில்லை. எந்த மண்ணில், எந்த முறையோடு ஒப்பிட்டு, எவ்விதப் பராமரிப்பில் என்று கேட்பதே முறை. நாற்றின் வயதை மட்டும் குறைத்துவிட்டுத் தண்ணீரை வழக்கம்போல் தேக்கி வைப்பவர் செய்தது அந்த முறையே அன்று. வயலுக்கு வயல் தண்ணீர் வழிந்தோடும் இடங்களில், ஒருவர் மட்டும் காயவிட்டுப் பாய்ச்ச எண்ணினாலும் இயலாமல் போகலாம். ஓரிடத்து முடிவு நமக்குத் தருவது நல்ல நம்பிக்கை. உறுதியைத் தருவது நம் நிலத்தில் நாம் செய்யும் சோதனையே.

2. நகலெடுக்கும் படி: விதை

அடுத்து விதையைக் காண்போம். இங்கே ‘மீண்டும்’ என்பதன் பொருள் முற்றிலும் வேறு. சோதனை வயலில் வேற்றுமையை அறிய மீண்டும் செய்தோம்; விதையிலோ வேற்றுமை வராமல் காக்க மீண்டும் செய்கிறோம்.

உயிருள்ள ஒவ்வோர் அணுவிலும் அதன் குணங்களையெல்லாம் எழுதி வைத்த ஏடு போன்ற பொருள் ஒன்று உள்ளது. அதனை மரபணு இழை என்கிறோம். அது முறுக்கிய இரட்டைக் கயிறு போன்ற அமைப்புடையது என்பதை 1953-ஆம் ஆண்டில் வாட்சன், கிரிக் என்னும் இரு அறிஞர்கள் வெளிப்படுத்தினர். அணு இரண்டாகப் பிரியும்போது இரு புரிகளும் விலகுகின்றன; ஒவ்வொரு புரியும் அச்சாக நின்று தனக்கேற்ற மறுபுரியை உண்டாக்கிக்கொள்கிறது. ஒவ்வொரு நகலிலும் ஒரு புரி பழையது, ஒரு புரி புதியது என்பது 1958-ஆம் ஆண்டில் சோதனையால் உறுதியாயிற்று. நெல்லின் இந்த ஏட்டில் சுமார் 39 கோடி எழுத்துகள் இருக்கின்றன. அத்தனையும் மிக அரிதாகவே பிழை நேரும்படி ஒவ்வோர் அணுவிலும் நகலாகின்றன என்பது வியப்புக்குரியது.

1937-ஆம் ஆண்டில் அம்பாசமுத்திரத்தில் தொடங்கப்பெற்ற நெல் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து 1986-ஆம் ஆண்டில் வெளிவந்த ‘அம்பை 16’ என்னும் ரகத்தை நம் பகுதியில் அறியாதார் இல்லை. அன்று முதல் இன்று வரை அது அதே குட்டையான, பருத்த அரிசியாக, கார் பருவத்துக்கேற்ற குறுகிய வயதுடையதாக விளைகிறதென்றால், போகந்தோறும் அதன் நகல் சரியாக எடுக்கப்பட்டு வருவதே காரணம். இதற்கெனவே விதையில் மூன்று தலைமுறைகளை வகுத்துள்ளார்கள். ரகத்தை உருவாக்கியவர் பொறுப்பில் விளைவது வல்லுநர் விதை. அதற்குப் பொன் மஞ்சள் அட்டை. அதிலிருந்து பெருக்குவது ஆதார விதை, வெள்ளை அட்டை. அதிலிருந்து பெருக்கி விவசாயிக்கு வழங்குவது சான்று விதை, நீல அட்டை. பத்திரத்தின் நகலுக்குப் பதிவு அலுவலகத்தின் முத்திரை எவ்வாறோ, அவ்வாறே விதைக்கு அட்டை.

நெல் பெரும்பாலும் தன் மகரந்தத்தாலேயே கருவுறும் பயிர். ஆதலால் விவசாயி தம் வயல் விதையையே மீண்டும் பயன்படுத்தலாம், தவறில்லை. ஆனால் நகலின் நகலில் பிழை சேர்வது இயல்பு. களத்தில் வேறு நெல் கலக்கிறது. சென்ற போகத்து உதிர்நெல் முளைக்கிறது. கதிர் வந்த சமயத்தில் வயலில் இறங்கி, உயரமும் நிறமும் வேறுபட்ட கலவன் பயிர்களைப் பிடுங்குவதும், சில போகங்களுக்கொருமுறை சான்று விதை வாங்கிப் புதுப்பிப்பதும் நகலைத் திருத்திக்கொள்ளும் வழிகளாகும். வீரிய ஒட்டு ரகங்களுக்கோ இது பொருந்தாது. அவற்றின் விளைச்சலில் எடுத்த விதை, அடுத்த போகத்தில் தாய் வழியாகவும் தந்தை வழியாகவும் பலவாறு பிரிந்து முளைக்கும். பார்வைக்கு ஒரே நெல். உள்ளே இருப்பது ஒரே நகலன்று.

சரியான நகலிலும் ஓர் அபாயம் உண்டு. வாழை விவசாயிகள் இதனை நன்கறிவர். வாழைக்கு நாம் விதையிடுவதில்லை. பக்கக் கன்றையே நடுகிறோம். கன்று தாயின் முழு நகல். குலையின் குணம் அப்படியே வருகிறது; தாய்க்கு முடிக்கொத்து நோய் இருந்தால் அந்நோயும் அப்படியே வருகிறது. மேலும், எல்லா மரமும் ஒரே நகலாயிருந்தால், ஒரு மரத்தை வீழ்த்தும் நோய் எல்லாவற்றையும் வீழ்த்த வல்லது. மத்திய அமெரிக்காவில் ‘குரோ மிஷெல்’ என்னும் ஒரே வாழை இனத்தை மாபெரும் பரப்பில் பயிரிட்டார்கள். வாடல் நோய் கண்டு, அவ்வினம் 1960-களுக்குள் ஏற்றுமதி வாணிகத்திலிருந்து மறைந்தே போயிற்று. ஆகவே நகலெடுப்பவர் இரண்டைக் கவனிக்க வேண்டும்: நகல் சரியானதா என்பது ஒன்று, நல்லதோடு கெட்டதும் கூட வருகிறதா என்பது மற்றொன்று.

3. ஏறும் படி: ஊர்த் திட்டம்

இனி ஊர்ப் பணிக்கு வருவோம். இங்கே இருப்பது விதையைப் போல உயிருள்ள ஏடுமன்று; சோதனைப் பாத்தியைப் போல நம் கைக்கடங்கிய நிலமுமன்று. மனிதர்கள் வாழும் ஊர். ஓர் ஊரின் திட்டத்தை வரைபடத்தோடும் மதிப்பீட்டோடும் அப்படியே நகலெடுத்து மற்றோர் ஊரில் நட்டால் வேர் பிடிக்கும் என்று எண்ணுவது பிழை. அதன் நோக்கத்தை எடுத்துக்கொண்டு வடிவத்தை ஊருக்கேற்ப அமைப்பதே இங்கு மீண்டும் செய்வதாகும்.

நம் ஆற்றையே பாருங்கள். கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், திருவைகுண்டம் என எட்டு அணைக்கட்டுகள் தாமிரபரணியில் உள்ளன. திருவைகுண்டம் ஆங்கிலேயர் காலத்தது; மற்றவை அதற்கும் முற்பட்டவை. தண்ணீரைத் தடுத்து வாய்க்காலில் திருப்புவது என்ற நோக்கம் எட்டுக்கும் ஒன்றே. ஆனால் எட்டும் ஒரே நீளமல்ல, ஒரே வடிவமுமல்ல. ஆற்றின் அகலம், பாறை, மணல், கரை மேடு ஆகியவற்றுக்கேற்ப ஒவ்வொன்றும் அமைந்தது. ஆர்தர் காட்டன் என்னும் பொறியாளர் இந்த உண்மையை நன்குணர்ந்தவர். மணல் ஆற்றில் அடித்தளம் நிற்கும் என்பதைக் காவிரியின் கல்லணையைக் கண்டு கற்றார். 1836-ஆம் ஆண்டில் கொள்ளிடத்தில் மேலணையைக் கட்டினார். 1847 முதல் 1852 வரை கோதாவரியில் தவளேஸ்வரம் அணைக்கட்டை எழுப்பினார். அவர் எடுத்துச் சென்றது கல்லணையின் உருவத்தையன்று, அதன் தத்துவத்தை.

பள்ளி மதிய உணவும் அத்தகையதே. 1920-ஆம் ஆண்டில் சென்னை மாநகராட்சி, ஆயிரம் விளக்குப் பகுதிப் பள்ளியில் உணவளிக்கத் தொடங்கியது. 1956-ஆம் ஆண்டில் முதலமைச்சர் காமராஜர் காலத்தில், அப்போது திருநெல்வேலி மாவட்டத்தைச் சேர்ந்திருந்த எட்டயபுரத்தில் மாநிலம் தழுவிய மதிய உணவுத் திட்டத்துக்கு அடிகோலப்பட்டது. தொடக்கத்தில் மக்கள் நன்கொடை அதனைத் தாங்கிற்று; பின்னர் அரசு மானியமும் சேர்ந்தது. 1982-ஆம் ஆண்டு ஜூலை முதல் நாளன்று எம்.ஜி.ஆர். அவர்கள் சத்துணவுத் திட்டமாக அதனை விரிவாக்கினார். 2001-ஆம் ஆண்டு நவம்பர் 28-ஆம் நாள் உச்ச நீதிமன்றம், எல்லா மாநிலங்களும் பள்ளியில் சமைத்த உணவு வழங்க வேண்டுமென ஆணையிட்டது. ஓரூரில் தோன்றியது நாடெங்கும் பரவிய விதத்தைக் கவனியுங்கள். நம் சோறும் சாம்பாரும் வடநாடு சென்றபோது ரொட்டியும் பருப்புமாயிற்று. பள்ளி நாள்தோறும், சமைத்த உணவு, எல்லாப் பிள்ளைக்கும் ஒரே பந்தியில் என்பது மட்டும் மாறவில்லை. எது மாறலாம், எது மாறலாகாது என்று தெளிந்திருந்தமையால் அது பரவியும் நிலைத்தது.

இத்தெளிவு குறைந்த இடத்தில் என்ன நேரும் என்பதற்கும் நம் துறையின் வரலாறே சான்று தரும். 1948-ஆம் ஆண்டில் உத்தரப் பிரதேசத்து எட்டாவா மாவட்டத்தில், ஆல்பர்ட் மேயர் என்னும் அமெரிக்கரின் யோசனையால் முன்மாதிரித் திட்டம் ஒன்று தொடங்கியது. கிராமத்தாரின் தேவையைக் கேட்டறிந்து, பொறுமையாகப் பரவிய முயற்சி அது. அதன் அனுபவத்தையும் கொண்டு 1952-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் நாள் நாடெங்கும் 55 இடங்களில் சமுதாய வளர்ச்சித் திட்டம் தொடங்கப்பெற்றது. அடுத்த ஆண்டே தேசிய விரிவுப் பணியாக மேலும் பரவியது. அலுவலர்களும், வாகனங்களும், படிவங்களும் விரைவாகப் பெருகின. மக்களின் ஈடுபாடு அவ்வளவு விரைவில் பெருகவில்லை. 1957-ஆம் ஆண்டில் பல்வந்தராய் மேத்தா குழு இதனைச் சுட்டிக்காட்டி, மக்கள் தேர்ந்தெடுக்கும் மன்றங்களிடம் பொறுப்பை ஒப்படைக்குமாறு பரிந்துரைத்தது. 1958-ஆம் ஆண்டுச் சென்னை ஊராட்சிச் சட்டமும், 1960 முதல் அமைந்த ஊராட்சி ஒன்றியங்களும் அதனைத் தொடர்ந்து வந்தவை. இன்று ஊராட்சி உறுப்பினர் அமர்ந்திருக்கும் இருக்கையே அப்பாடத்தின் பயன்.

இதே பாடம் சிறிய அளவில் இன்றும் நிகழக் காண்கிறோம். நான் பணியாற்றிய வட்டாரம் ஒன்றில் இரு ஊர்களில் ஒரே வரைபடப்படி குப்பை பிரிக்கும் கொட்டகை கட்டினார்கள். முதல் ஊரில் உரம் விற்று வருவாய் வந்தது. இரண்டாவது ஊரில் கொட்டகை வைக்கோல் போடும் இடமாயிற்று. செங்கல், சிமெண்டு, தகரம் எல்லாம் ஒன்றே. முதல் ஊரில் பெண்கள் சுய உதவிக் குழுவினர் முன்னதாகவே வீடு வீடாகச் சென்று, மக்கும் குப்பையைத் தனியே வைக்கச் சொல்லிப் பழக்கியிருந்தனர்; கொட்டகையும் தூய்மைக் காவலர் வண்டி தள்ளிச் செல்லும் தூரத்தில் இருந்தது. இரண்டாவது ஊரில் இடம் கிடைத்த திசையில், ஊரை விட்டு வெகு தூரத்தில் கட்டினர். கண்ணுக்குத் தெரிந்த கட்டடம் நகலாயிற்று. கண்ணுக்குத் தெரியாத உழைப்பு நகலாகவில்லை.

மூன்றையும் குழப்பினால் வரும் கேடு

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்கின் ஓர் உண்மை விளங்கும். அளக்கும் இடத்தில் செய்முறையை மாற்றாமல் பலமுறை செய்ய வேண்டும். நகலெடுக்கும் இடத்தில் மூலத்தோடு ஒத்துப் பார்த்துப் பிழை களைய வேண்டும். ஏறும் இடத்திலோ நோக்கத்தை விடாமல் பிடித்து வடிவத்தை மாற்றத் துணிய வேண்டும். விதையைப் பெருக்கும்போது ‘ஊருக்கேற்ப மாற்றுவோம்’ என்றால் ரகம் கெடும். ஊர்த் திட்டத்தில் ‘வரைபடத்தில் உள்ளபடியே’ என்று பிடிவாதம் செய்தால் கொட்டகை வைக்கோற்போராகும். ஒரே ஒரு வயலைக் கண்டு ஊர் முழுவதும் நட்டால், புலியைப் பார்த்துப் பூனை சூடு போட்டுக்கொண்ட கதையாகும்.

கேட்க வேண்டிய கேள்விகள்

“அங்கே பலித்தது” என்று யாரேனும் சொல்லும்போது, விவசாயிகளும் ஊராட்சி உறுப்பினர்களும் பின்வருவனவற்றைக் கேட்பார்களாக.

ஒன்று: எத்தனை இடத்தில், எத்தனை போகத்தில் பலித்தது? காரில் கண்டது பிசானத்திலும் கண்டதா? பலிக்காத இடங்களையும் சேர்த்துச் சொல்கிறார்களா, பலித்ததை மட்டும் காட்டுகிறார்களா?

இரண்டு: எதனோடு ஒப்பிட்டார்கள்? அதே நிலத்தில் பழைய முறையும் அருகில் இருந்ததா? சென்ற ஆண்டு விளைச்சலோடு ஒப்பிட்டதாயின், மழையும் நீர்வரத்தும் சென்ற ஆண்டைப் போன்றே இருந்தனவா?

மூன்று: அங்கே அதனைத் தாங்கி நின்றது எது? தண்ணீரா, ஆளா, கூட்டுறவா, ஒரு தனி மனிதரின் ஊக்கமா? அது நம்மூரில் உண்டா? இல்லையேல் முதலில் அதனை உண்டாக்க வழி என்ன?

நான்கு: அதில் மாற்றக் கூடாதது எது, மாற்றக் கூடியது எது?

ஐந்து: நம் ஊரில் சிறிய அளவில் முதலில் செய்து பார்க்க இயலுமா?

இந்த ஐந்தாவது கேள்விக்கு விடை எப்போதும் நம் கையிலேயே இருக்கிறது. புதிய விதையோ முறையோ வந்தால், ஒரே வாய்க்காலில் பாயும் நான்கு விவசாயிகள் கூடிப் பேசட்டும். ஒவ்வொருவரும் தம் வயலில் சம அளவான இரண்டு பாத்திகளை ஒதுக்கட்டும். எதில் புதியது, எதில் பழையது என்பதைச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்யட்டும். நல்ல பாத்தியைப் புதிய விதைக்குக் கொடுக்கும் ஆசை யாருக்கும் உண்டு, சீட்டு அதனைத் தடுக்கும். உரம், தண்ணீர், களை ஆகியவற்றில் இரண்டுக்கும் வேற்றுமை வேண்டாம். அறுவடையில் ஒரே தராசில் தனித்தனியே நிறுத்து, நால்வரும் ஒரே ஏட்டில் எழுதி வைக்கட்டும். காரிலும் பிசானத்திலும் இவ்வாறு செய்துவிட்டால், எட்டு ஒப்பீடுகள் கைக்கு வரும். பெரிய செலவில்லை. தோற்றாலும் இழப்பு இரண்டொரு சென்டு விளைச்சலே. வென்றாலோ ஊருக்கே சொந்தமான சான்று கிடைக்கும். வேளாண்மை விரிவாக்க மையத்து அலுவலரை அழைத்து ஏட்டைக் காட்டினால் அவர் மேலும் விளக்கம் தருவார்.

ஊராட்சித் திட்டங்களும் அவ்வாறே. நிதி முழுவதையும் ஒரே ஆண்டில் ஒரே வேலையில் முடக்காமல், ஒரு தெருவில் அல்லது ஒரு குக்கிராமத்தில் தொடங்கி, ஆறு மாதம் கழித்துக் கிராம சபையில் அதன் வரவு செலவையும் பயனையும் படித்துக்காட்டி, குறை கண்ட இடத்தைத் திருத்தி, பிறகு அடுத்த தெருவுக்குச் செல்வது நலம். படி ஏறுவோர் ஒரு காலை ஊன்றிய பின்னரே மறுகாலைத் தூக்குவர். பக்கத்து ஊரிலிருந்து கற்பதில் நமக்குக் குறைவு ஏதுமில்லை. ஆனால் அங்கே போய்ப் பார்க்கும்போது கட்டடத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிட வேண்டாம். அதனை நடத்துகிறவர்களிடம் உட்கார்ந்து, என்னென்ன இடையூறு வந்தது, எப்படித் தீர்த்தீர்கள் என்று கேட்டு எழுதிக்கொண்டு வாருங்கள். அடுத்த கிராம சபைக் கூட்டத்தில் அந்த எழுத்து முதலில் படிக்கப்படட்டும். மதிப்பீடும் வரைபடமும் அதன் பின்னர் வரட்டும்.